பனியன் கம்பெனி நோட்டீஸ் போர்டும் ஆற்காடு ராமசாமி முதலியாரும்

போன செமஸ்டர் லீவுல இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்காகத் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். பேரு வேண்டாம், விடுங்க. முதல் நாள் காலையில சூப்பர்வைசர் அண்ணன் என்னை டைம் ஆபீஸ் பக்கத்துல உட்கார வெச்சுட்டு, பையர் போன் வந்துச்சுன்னு போனவர்தான், ஒரு மணி நேரம் ஆளே காணோம். போன்ல சார்ஜும் இல்லை. எதிர்ல இருந்த நோட்டீஸ் போர்டைப் படிக்கிறதைத் தவிர வேற வழியில்லை.

லேமினேட் பண்ணின ஒரு தாள். குழந்தைகளை வேலைக்கு வைப்பதில்லை, யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவதில்லை, வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி, சங்கம் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. இப்படி வரிசையா பத்து விதி. கடைசியில பொடி எழுத்துல, இவையெல்லாம் உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டியவைன்னு ஒரு வரி.

டீ டைம்ல செக்கிங் செக்ஷன் அக்கா ஒருத்தர் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. நான் அதையே பார்த்துட்டு இருக்கிறதைப் பார்த்துட்டு, இதையெல்லாம் யாரு கண்ணு எழுதுனது, வெள்ளைக்காரங்களான்னு கேட்டாங்க. ஆமாங்க்கான்னு கெத்தா சொல்லிட்டேன். பதினாறு வருஷமா அந்தப் போர்டைத் தாண்டித்தான் உள்ளே போறாங்களாம். அந்த வாரம் ஷிப்மென்ட் அவசரம். ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சும் லைன் ஓடிக்கிட்டே இருந்துச்சு. வேலை நேரத்துக்கு வரம்பு உண்டுங்கிற வரி மட்டும் டியூப்லைட் வெளிச்சத்துல பளபளன்னு தெரிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து தேடிப் படிச்சப்பதான் நான் அக்காவுக்குச் சொன்ன பதில் பாதி தப்புன்னு புரிஞ்சுது. அந்தப் பிரகடனத்தை எழுதின ஆணையத்தை உருவாக்கிய கவுன்சிலின் தலைவர் நாற்காலியில் முதன்முதலா உட்கார்ந்தவர் ஒரு தமிழர். பேரு ஆற்காடு ராமசாமி முதலியார். இந்த இதழ்ல அவர் கதைதான்.

எந்த ராமசாமி?

நம்ம வரலாற்றுல ராமசாமிகள் கொஞ்சம் ஜாஸ்தி. ஈரோட்டு ராமசாமி பெரியார். திருவிதாங்கூர் திவானா இருந்த ராமசாமி, சர் சி.பி. இவர் மூணாவது ஆள். பேர்ல ஆற்காடு இருந்தாலும் பிறந்தது கர்நூல்ல, 1887 அக்டோபர் 14. கூடவே பிறந்த இரட்டையர் லட்சுமணசாமி. அந்தத் தம்பியும் சாதாரண ஆள் இல்லை. டாக்டருக்குப் படிச்சு, 1942ல இருந்து 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்தவர். கிண்டி ஏ.சி. டெக் ஆரம்பிச்சது அவர் காலத்துலதான். 1961ல உலக சுகாதாரப் பேரவைக்கே தலைவரா இருந்தார். ஒரே வீட்டுல பிறந்த ரெண்டு பேரும் ஐ.நா. அமைப்புகள்ல தலைமை நாற்காலியில உட்கார்ந்தாங்கன்னா பார்த்துக்கோங்க.

அண்ணன் ராமசாமி மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்சு, அப்புறம் சட்டம் முடிச்சு வக்கீல் ஆனார். 1917ல நீதிக்கட்சி. அரசு வேலையிலும் படிப்பிலும் ஒரு சில சாதிக்காரங்களே நிறைஞ்சிருந்த காலம் அது. மத்தவங்களுக்கும் பங்கு வேணும்னு கேட்ட கட்சி. 1920ல சென்னை சட்டசபைக்குப் போனார். 1927ல இருந்து கட்சியின் ஆங்கிலப் பத்திரிகையான ஜஸ்டிஸுக்கு ஆசிரியர். 1928லிருந்து 1930 வரைக்கும் சென்னை மேயர். பேச்சிலயும் எழுத்துலயும் கட்சியோட மூளைன்னு பேர் வாங்கினவர்.

ஆனா நீதிக்கட்சிக்கு இன்னொரு பக்கமும் இருந்துச்சு. காங்கிரஸ் தெருவுல இறங்கிப் போராடினப்போ, இவங்க பிரிட்டிஷ் அரசோட உட்கார்ந்து பேசி உரிமை வாங்கலாம்னு நம்பினாங்க. அதனால லண்டன்ல நடந்த முதல் ரெண்டு வட்டமேசை மாநாடுகளுக்கும் ராமசாமி முதலியார் போனார். ரெண்டாவது மாநாடு 1931 டிசம்பர் தொடக்கத்துல முடிஞ்சுது. அடுத்த மாசம் நம்ம திருப்பூர்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். 1932 ஜனவரி 10, தடையை மீறிக் கொடி பிடிச்சு ஊர்வலம் போன குமரன் போலீஸ் தடியடியில மண்டை உடைஞ்சு விழுந்தார். மறுநாள் இறந்தார். வயசு 27. ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற நினைவகத்தைத் தாண்டித்தான் நாம தினமும் பஸ் பிடிக்கிறோம்.

ஒரே மாகாணம், ஒரே காலம். ஒருத்தர் லண்டன்ல அரசியல் சட்டத்தைப் பத்திப் பேசிட்டு வர்றார். இன்னொருத்தர் ஒரு துணிக்கொடிக்காக உயிரை விடுறார். மக்கள் யார் பக்கம் நின்னாங்கன்னு 1934ல தெரிஞ்சுது. மத்திய சட்டசபைத் தேர்தல்ல சென்னையில ராமசாமி முதலியார் காங்கிரஸ்காரர் சத்தியமூர்த்திகிட்ட தோத்துட்டார்.

நம்ம சிலபஸ்ல வராத ஒரு விஷயம்

ஓட்டுல தோத்தவரை பிரிட்டிஷ் அரசு விடலை. 1937ல சர் பட்டம். 1939ல வைஸ்ராயின் நிர்வாக சபையில உறுப்பினர், வர்த்தகத் துறை கையில.

இன்ஜினியரிங் பசங்க கவனிக்க வேண்டிய இடம் இது. போர்க்காலத்துல வெளிநாட்டுல இருந்து பொருள் வர்றது நின்னு போச்சு. இந்தியாவுக்குள்ளேயே ஆராய்ச்சி நடக்கணும், அதுக்கு அரசு பணம் ஒதுக்கணும்னு விடாம நெருக்கினவர் இவர். 1940ல அறிவியல் தொழில் ஆராய்ச்சி வாரியம் வந்துச்சு. இவர் தலைவர், சாந்தி ஸ்வரூப் பட்நாகர் இயக்குநர். 1941 நவம்பர்ல தொழில் ஆராய்ச்சி நிதிக்கு வருஷம் 10 லட்சம் ரூபாய் வீதம் அஞ்சு வருஷத்துக்கு சட்டசபையில ஒப்புதல் வாங்கினார். 1942ல அது சி.எஸ்.ஐ.ஆர். ஆச்சு. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமும் அடையார் தோல் ஆராய்ச்சி நிலையமும் அந்த மரத்துல பின்னாடி வந்த கிளைகள்தான்.

அதே 1942ல லண்டனுக்கு அழைப்பு. சர்ச்சிலோட போர்க்கால அமைச்சரவையில இந்தியாவின் பிரதிநிதிகள்னு ரெண்டு பேரை வெச்சாங்க. ஒருத்தர் நவாநகர் மகாராஜா, இன்னொருத்தர் நம்ம ஆள். அந்த வருஷம் ஆகஸ்ட்ல வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடிச்சு காங்கிரஸ் தலைவர்கள் எல்லாரும் உள்ளே போனாங்க. அவங்க ஜெயில்ல இருந்தாங்க, இவர் பிரிட்டிஷ் அரசு கொடுத்த பதவியில இருந்தார். இதை மூடி மறைச்சுட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

சான் பிரான்சிஸ்கோ, 1945

போர் முடியப் போகுது. ஏப்ரல் 25ல இருந்து ஜூன் 26 வரைக்கும் அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ நகரத்துல உலக நாடுகள் கூடி ஐ.நா. சாசனத்தை எழுதுறாங்க. இந்தியக் குழுவுக்குத் தலைவர் ராமசாமி முதலியார். கூடவே ஃபிரோஸ் கான் நூன், வி.டி. கிருஷ்ணமாச்சாரி. இந்த கிருஷ்ணமாச்சாரிக்கு ஊர் நம்ம கரூர் பக்கம் வாங்கல்.

இந்தியா அப்ப சுதந்திர நாடே இல்லை. நேரு இன்னும் ஜெயில்லதான் இருக்கார், ஜூன் 15தான் வெளியே வந்தார். விஜயலட்சுமி பண்டிட் அதே ஊருக்கு வந்து, இந்தக் குழு இந்திய மக்களோட குழு இல்லை, பிரிட்டிஷ் அரசு பொறுக்கி எடுத்த ஆளுங்கன்னு வெளியில கூட்டம் போட்டுப் பேசினாங்க. அவங்க சொன்னதுல தப்பே இல்லை.

ஆனா உள்ளே என்ன நடந்துச்சுன்னும் பார்க்கணும். மாநாடு தொடங்கின சில நாள்லேயே ராமசாமி முதலியார் மேடையேறினார். மனித கண்ணியத்துக்கு எல்லைக்கோடு கிடையாது, இனம், நிறம், மதம்னு பிரிச்சு ஒருத்தருக்குக் கொடுத்து இன்னொருத்தருக்கு மறுக்க முடியாதுங்கிற அர்த்தத்துல பேசினார். கேட்டுக்கிட்டு இருந்தவங்கள்ல காலனி வெச்சிருந்த நாட்டுக்காரங்களும் உண்டு. அமெரிக்காவுல கறுப்பின மக்களுக்கு பஸ்ல தனி சீட் இருந்த காலம். சாசனத்தோட முகவுரைக்கு வரைவு எழுதின ஸ்மட்ஸ், வெள்ளையர் மட்டும் ஆண்ட தென்னாப்பிரிக்காவின் பிரதமர். பிரிட்டிஷ் அரசு அனுப்பின ஆளே எழுந்து இதைப் பேசினது எல்லாருக்கும் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்திருக்கும்.

பேச்சோட நிக்கலை. பொருளாதார சமூக ஒத்துழைப்புக்கான கமிட்டிக்கு அவர்தான் தலைவர். ஐ.நா.ன்னாலே பாதுகாப்பு கவுன்சில், வீட்டோ, சண்டைன்னுதான் நமக்கு ஞாபகம் வரும். இந்தக் கமிட்டி பார்த்த வேலை வேற: பசி, வேலை, படிப்பு, சுகாதாரம், உரிமை. அங்கே உருவான பகுதிதான் சாசனத்துல 55, 56 பிரிவுகளா இருக்கு. இனம், பால், மொழி, மதம் பார்க்காம எல்லாருக்கும் மனித உரிமை மதிக்கப்படணும், அதுக்காக உறுப்பு நாடுகள் சேர்ந்தும் தனியாவும் செயல்படுவோம்னு உறுதி. கூடவே 68வது பிரிவு மனித உரிமைக்குன்னு ஒரு ஆணையம் அமைச்சே ஆகணும்னு சொல்லுது.

ஆனா அதே சாசனத்துல 2வது பிரிவுல ஏழாவது உட்பிரிவு ஒண்ணு இருக்கு. ஒரு நாட்டோட உள்விவகாரத்துல ஐ.நா. தலையிடாது. ஒரு கையில சாவியைக் கொடுத்து இன்னொரு கையால தாழ்ப்பாள் போட்ட மாதிரி. இன்னைக்கு வரைக்கும் மனித உரிமைச் சட்டத்தோட அரசியல் சண்டை முழுக்க இந்த ரெண்டுக்கும் நடுவுலதான். 1946ல தென்னாப்பிரிக்கா இந்திய வம்சாவளியினரை நடத்தின விதத்தை இந்தியா ஐ.நா.வுக்குக் கொண்டு போனப்போ, தென்னாப்பிரிக்கா காட்டினது இந்தத் தாழ்ப்பாளைத்தான். அப்ப இந்தியாவுக்காக வாதாடி ஜெயிச்சது முந்தின வருஷம் வெளியே நின்னு பேசின அதே விஜயலட்சுமி பண்டிட்.

முதல் நாற்காலி

1946 ஜனவரி 23, லண்டன். ஐ.நா.வின் பொருளாதார சமூக கவுன்சில் முதல் தடவையா கூடுச்சு. 18 நாடுகள். தலைவரா தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார். சுதந்திரம் கிடைக்க இன்னும் ஒன்றரை வருஷம் இருந்த ஒரு நாட்டுக்காரர்.

பிப்ரவரி 16ல அவர் தலைமையில நடந்த கூட்டம் மனித உரிமை ஆணையத்தைச் சின்ன அளவுல தொடங்கி வெச்சுது. ஜூன் 21ல நியூயார்க் கூட்டத்துல அதுக்கு முழு வடிவம், 18 உறுப்பினர்கள். அதே நாள் பெண்கள் நிலைக்கான ஆணையமும் தனியா பிறந்துச்சு. மனித உரிமை ஆணையத்துக்கு எலினார் ரூஸ்வெல்ட் தலைவர். இந்தியாவுல இருந்து ஹன்சா மேத்தா போய் உட்கார்ந்து, முதல் விதியில எல்லா ஆண்களும்னு பொருள்படுற மாதிரி இருந்ததை எல்லா மனிதர்களும்னு மாத்த வெச்சாங்க. 1948 டிசம்பர் 10, பாரிஸ். ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் ஓட்டு போடலை. பிரகடனம் வந்துச்சு. 23வது விதி சம வேலைக்கு சம கூலி, சங்கம் வைக்கும் உரிமை. 24வது விதி ஓய்வு, வேலை நேர வரம்பு. நம்ம போர்டுல இருக்கிறது அதேதான்.

பனியன் பாஷையில சொல்லணும்னா, ஐ.நா. சாசனம் பையர் அனுப்புற என்கொயரி மாதிரி. பிரகடனம் அப்ரூவல் ஆன சேம்பிள். அழகா இருக்கும், ஆனா அதை வெச்சு யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. நாடுகள் கையெழுத்து போட்டு ஒப்புக்கொள்ற உடன்படிக்கைதான் ஆர்டர். அந்த ஆர்டர் கைக்கு வர ரொம்ப வருஷம் ஆச்சு. கடைசியில வர்றேன்.

மைசூர்ல வந்த சோதனை

இங்கேயே கதை முடிஞ்சிருந்தா சுலபமா சிலை வெச்சிடலாம். ஆனா 1946 ஆகஸ்ட்ல அவர் மைசூர் சமஸ்தானத்துக்கு திவான் ஆனார். அடுத்த வருஷம் நாடு சுதந்திரம் வாங்குச்சு. மைசூர் இந்தியாவோட இணைஞ்சாலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி மட்டும் வரலை. 1947 செப்டம்பர்ல மைசூர் சலோ போராட்டம் தொடங்குச்சு. போராட்டக்காரங்க குறி வெச்சது திவானைத்தான். ஆற்காட்டாரைப் புறக்கணிங்கன்னு ஊர் ஊரா கோஷம். கே.சி. ரெட்டி உள்பட தலைவர்கள் கைது, ஜெயில் நிறைய ஆளுங்க. காலேஜையும் ஸ்கூலையும் விட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. செப்டம்பர் 13ல மைசூர்ல நடந்த துப்பாக்கிச் சூட்டுல ஒரு மாணவர் இறந்தார். அவர் பேரும் ராமசாமி. அந்த இடம் இன்னைக்கும் ராமசாமி சர்க்கிள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி உலகத்துக்கே மனித உரிமை ஆணையம் அமைச்சவர் தலைமையேற்ற நிர்வாகத்துல இது நடந்துச்சு. இதைப் படிச்சப்போ எனக்கு நோட்டீஸ் போர்டும் ஒன்றரை ஷிப்டும்தான் ஞாபகம் வந்துச்சு. மேடையில நின்னு எல்லாருக்கும் உரிமைன்னு சொல்றது ஒண்ணு. தன் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு உரிமை கேட்கிறவனுக்கு வழிவிடுறது வேற ஒண்ணு. கடைசியில மகாராஜா இறங்கி வந்தார். 1947 அக்டோபர் 25ல கே.சி. ரெட்டி தலைமையில மக்கள் அமைச்சரவை பதவியேத்துச்சு. உலகத்துக்கு உரிமை எழுதினவர்கிட்ட இருந்து தங்களோட உரிமையை அந்த ஊர் மக்களே போராடித்தான் வாங்கினாங்க.

அப்புறமும் டெல்லி அவரை ஒதுக்கலை. 1948 செப்டம்பர்ல ஹைதராபாத் பிரச்சினை பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போனப்போ இந்தியாவுக்காக வாதாட அனுப்பினது அவரைத்தான். அங்கே இந்தியா எடுத்த நிலை என்ன தெரியுமா? இது எங்க உள்விவகாரம். பழைய தாழ்ப்பாள், இப்ப அவர் கையில. 1949ல திவான் வேலை முடிஞ்சுது. 1954ல பத்ம பூஷண். 1955ல ஐ.சி.ஐ.சி.ஐ. தொடங்கினப்போ முதல் தலைவர். 1970ல பத்ம விபூஷண்.

1976

ராமசாமி முதலியார் இறந்தது 1976 ஜூலை 17. வயசு 88. அந்த வருஷத்தைக் கொஞ்சம் உத்துப் பாருங்க.

அவர் தொடங்கி வெச்ச ஆணையம் எழுதின ரெண்டு பெரிய உடன்படிக்கைகள் அந்த வருஷம்தான் சட்டமா நடைமுறைக்கு வந்துச்சு. பொருளாதார சமூக உரிமைகளுக்கானது ஜனவரி 3, குடிமை அரசியல் உரிமைகளுக்கானது மார்ச் 23. முப்பது வருஷம் கழிச்சு சேம்பிள் ஆர்டர் ஆச்சு.

அதே வருஷம் இந்தியாவுல நெருக்கடி நிலை. ஜனவரி 31ல தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டு, மிசாவுல ஆயிரக்கணக்கானவங்க விசாரணை இல்லாம உள்ளே போனாங்க. ஏப்ரல் 28ல உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில ஆட்கொணர்வு மனு போட்டு யாரும் விடுதலை கேட்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதுக்கு மூணு மாசத்துக்குள்ள அவர் காலமானார். இந்தியா அந்த ரெண்டு உடன்படிக்கைகளையும் ஏத்துக்கிட்டது நெருக்கடி நிலை போன பிறகு, 1979 ஏப்ரல் 10.

அவர் அமைச்ச மனித உரிமை ஆணையம் இப்ப இல்லை. 2006ல அதுக்குப் பதிலா மனித உரிமை கவுன்சில் வந்துச்சு. 2011ல அந்த கவுன்சில், மனித உரிமையை மதிக்கிற பொறுப்பு கம்பெனிகளுக்கும் உண்டுன்னு வழிகாட்டு நெறிகளை ஏத்துக்கிச்சு. ஜெர்மனி 2021ல இயற்றி 2023ல இருந்து அமல்படுத்தின விநியோகச் சங்கிலிச் சட்டமெல்லாம் அந்த வழியில வந்ததுதான். அவிநாசி ரோட்டுல ஆடிட் வர்றாங்கன்னு கேட்டதும் கம்பெனியே பெயின்ட் அடிக்குதே, அந்தப் பரபரப்போட நூல் நுனியைப் பிடிச்சுக்கிட்டே போனா 1946 லண்டன்ல ஒரு தமிழர் உட்கார்ந்த நாற்காலியில போய் முடியும்.

அவரை ஹீரோன்னு சொல்றதா, பிரிட்டிஷ்காரங்களோட ஆள்னு சொல்றதா? எனக்கு ரெண்டும் பத்தலை. சுதந்திரம் இல்லாத நாட்டுல இருந்து போய், உரிமைக்கு எல்லை இல்லைன்னு சாசனத்துல ஏத்தினவர். தன் வாசலுக்கு அது வந்தப்போ தடுமாறினவர். ஆனா எழுதினவர் தடுமாறினதால எழுத்து செல்லாமப் போயிடலை. எழுதி வெச்சது ஒரு பிடி. அதைப் பிடிச்சு இழுக்கிறது குமரன், மைசூர் மாணவர் ராமசாமி மாதிரி பேர் தெரிஞ்சவங்களும், பேர் தெரியாத ஆயிரம் பேரும்.

டிரெய்னிங் கடைசி நாள் அந்தச் செக்கிங் அக்காகிட்ட போய், நான் அன்னைக்குச் சொன்னது தப்புங்க்கா, இதை ஆரம்பிச்சு வெச்சதுல நம்ம ஆளு ஒருத்தரும் இருக்காருன்னு கதையைச் சுருக்கமா சொன்னேன். டீயை முழுசா குடிச்சு முடிச்சுட்டு, அப்படின்னா நாமளும் கேட்கலாமுங்கறேன்னு கேட்டாங்க. கேட்கலாமுங்க்கான்னேன். டம்ளரைக் கழுவி வெச்சுட்டு, போர்டு பக்கத்துல போய், மூணாவது வரியை விரல் வெச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. பெல் அடிச்சுது. உள்ளே போயிட்டாங்க.